குமுதவல்லியின் பங்கு

சில வருடங்களாக நாகலிங்கம் தன் வீடு காற்றில் கலக்கும் கார்பனை செல்போன் செயலி ஒன்றில் அளந்து, குறைத்துக்கொண்டே வந்தார். காரை விற்றார். ஏசியைக் கழற்றினார். கீசரும் போயிற்று. மனைவி குமுதவல்லி வியர்வையோடு தூங்கப் பழகினாள். முட்டிவலியோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

மெல்போர்னில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது அவர் செயலியைக் காட்டினார். "ஒரு தடவை பிளேன்ல போய்ட்டு வந்தா நாம குறைச்சது அத்தனையும் போயிடும். குழந்தைய வீடியோவுல பாத்துக்கலாமே."

அவள் சண்டை போடவில்லை. அதற்குத் தெம்பில்லாதவள் போலக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"குறைச்சதுல என் பங்கும் இருக்குல்லங்க? அதை எடுத்துக்கிட்டு நான் போறேன்."

கிளம்பும் நாளில் டாக்சி பிடித்தவரே அவர்தான். மகள் அனுப்பியிருந்த டிக்கெட் போவதற்கு மட்டும்தான் என்பது விமான நிலைய வாசலில் அவருக்குத் தெரிந்தது.

"திரும்பி வர்றதுக்கு?"

"அதுக்கும் மிச்சம் இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து, அவளுடைய பயணத்தைப் பதிவதற்காகச் செயலியைத் திறந்தார். இந்த மாதம் வீட்டில் எத்தனை பேர் என்று அது முதலில் கேட்டது. மின்விசிறியைக்கூடப் போடாமல், அந்தக் கேள்வியைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.