தங்கமீனுக்கு வெள்ளைப்புள்ளி

தையல்காரரின் மகளுடைய மீன்தொட்டி அவர் கடைக்குக் குடிபெயர்ந்து இரண்டு மாதமாகிறது. "தொட்டித் தண்ணியில இருக்கிற கிருமி அவ உடம்புக்கு ஆகாது. வீட்டுல வைக்கவே கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அதிலிருந்த ஒரே தங்கமீனுக்கு, உப்பைத் தூவியதுபோல் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி வந்தது. தையல்காரர் தைப்பதை மறந்தார். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, கல்லுப்பு கரைத்து, கண்ணுக்குள் வைத்துக் காத்தார்.

"மீனு எப்படிப்பா இருக்கு?" ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மகள் தினமும் கேட்பாள்.

"உன்னை மாதிரி மருந்துக்கு அழுறதில்ல, வாயாடி!"

பதினோராம் நாள் கடைசிப் புள்ளியும் மறைந்தது. அன்றே மகளையும் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"கவலைப்படாதீங்க டாக்டர், தொட்டி கடையிலயே இருக்கட்டும். அவளைக் கிட்டக்கூட விடமாட்டேன்."

டாக்டர் தலை நிமிரவில்லை. "இனிமே அவ கட்டில் பக்கத்துலயே வைங்க. ஆசைப்பட்டது எதுவானாலும் குடுங்க."

தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் வந்தார். "மீனை வீட்டுக்கே கொண்டுவரலாமாம், கண்ணு."

மகள் கைதட்டினாள். "டாக்டரே சொல்லிட்டாரா? அப்ப எனக்கும் சரியாயிடுச்சாப்பா?"

அவளுக்குச் செருப்பு மாட்டிவிட, தையல்காரர் சட்டென்று குனிந்துகொண்டார்.