தோள் வலி

"மாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?" மருமகள் ஜானிஸ் பதறினாள்.

"முடக்குவாதக்காரிக்குத் தோள் வலிக்காம காதா வலிக்கும்? சும்மா இரு லா!" கிரிகரி, மனைவி உர்சுலாவின் இடது தோளில் தைலத்தை அழுத்தித் தேய்த்தார். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இந்த வாதம் இதயத்தையும் பிடிக்கும்னு பூச்சோங் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரே, மாமா!"

"மூட்டு வலிக்குப் போனா நெஞ்சைப் படம் எடுக்கணும்பான். நாளைக்குப் பல்லையும் பிடுங்கணும்பான். எல்லாம் ஏமாத்து! உர்சுலா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லைங்க... தோள்தான். உயிர் போவுது."

"பாத்தியா?" இன்னும் வேகமாகத் தேய்த்தார். விரலில் நீளமாக ஒரு தழும்பு தட்டியது. கை அப்படியே நின்றது.

"ஜானிஸ்! கூப்பிடும்மா, சீக்கிரம் கூப்பிடு!" அலறினார்.

போன வருஷமே அந்தத் தோள்மூட்டை வெட்டியெடுத்து இரும்பு வைத்தாயிற்று. வாதம் வந்து வலிப்பதற்கு அங்கே மூட்டு ஏது?