ஏழு வரி

"கொஞ்சம் எடுத்துக் குடுத்தா கொறைஞ்சா போயிடுவீங்க?"

மகள் எகிறினா.

கண் சோதனை ரூம். சுவத்துல எழுத்து அட்டை. எதிர் நாற்காலியில, இடது கண்ணை மூடிக்கிட்டு அம்மா. டெய்லர். ஒரு வருஷமா ரெண்டு கண்ணுக்குள்ளயும் வீக்கம். வலதுதான் ரொம்ப படுத்துது.

சோதனை பண்றவருக்கு பேஷண்டுங்க வெச்ச பேரு சிடுமூஞ்சி. மனுஷன் திரும்பிக்கூட பார்க்கல.

"அடுத்த எழுத்து."

"தெரியல சார்."

"சரி, முடிஞ்சுது. ரெண்டு வரி."

"ரெண்டா? அஞ்சு மாசமா ஏழு வரி சார்! ஃபைலைப் பாருங்க! எப்பவும் சோதனை பண்ற அந்த சிரிச்சமூஞ்சி அக்கா எங்க?"

"லீவு."

"அவங்க எவ்வளவு அன்பா கேப்பாங்க தெரியுமா? நீங்க என்னமோ திருடியைப் பிடிச்சு விசாரிக்கிற மாதிரி..."

"சும்மா இருடி!" அம்மா அதட்டிட்டு, மடியில இருந்த துணிப்பையை நீட்டினாங்க. "கோச்சுக்காதீங்க சார். இது அந்தப் பொண்ணுக்குன்னு நானே தைச்சது. வந்தா குடுத்துடுங்க."

சிடுமூஞ்சி வாங்கினார். தையல் மேல விரலை ஓட்டினார். கைப்பிடிகிட்ட தையல் துணியை விட்டே இறங்கி, மறுபடி ஏறி, கோணல்மாணலா ஓடியிருந்துச்சு.

"எப்போ தைச்சீங்க?"

"போன மாசம்."

"எத்தனை வருஷமா தைக்கறீங்க?"

"இருபத்திரெண்டு."

ஃபைலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முதல் தடவையா அந்தக் குரல் இறங்கிச்சு.

"ஏழு வரி எப்படிம்மா படிச்சீங்க?"

"அது தங்கமான பொண்ணு சார்! தப்பா சொன்னா தொண்டையைச் செருமும். 'ரெண்டு கால் இருக்கும்ல, யோசிங்கம்மா'ன்னும். சரியா சொல்ற வரைக்கும் விடாது. நான் அழுதுடுவேன்னு அதுக்கு பயம். எனக்கே மங்கலாத்தான் இருந்துச்சு... ஆனா ஏழு வரி வந்துடுச்சேன்னு நம்பிட்டேன்."



டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்தாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க.

"ஏழு வரியிலயே நிக்குதுன்னு நம்பித்தான்மா ஸ்கேன் எடுக்காம மருந்தைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். வலது கண்ணுல பார்வை... இனிமே திரும்பாது. இடதைக் காப்பாத்த முடியுதான்னு பார்க்கலாம்."

வெளிய வராண்டாவுல சிடுமூஞ்சி அந்தப் பையோட நின்னுட்டிருந்தார்.

"அந்த அக்கா வரட்டும், சும்மா விடமாட்டேன்!" மகள் குமுறினா.

"விடுடி. பாசத்துல பண்ணிச்சு."

அம்மா சுவத்தைத் தடவித் தடவி அவர்கிட்ட வந்தாங்க.

"பையை அதுகிட்ட குடுத்துடுங்க சார். தையலையும் காட்டுங்க."

கிளம்பப் போனவங்க திரும்பினாங்க.

"இடது கண்ணுல இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு. அதை எப்பவும் நீங்களே பாருங்க சார். உதவி மட்டும் பண்ணிடாதீங்க."