மரண அறிவித்தலில் ஒரு பெயர்

"உந்தப் பேரை வெட்டு."

சச்சிதானந்தன் பெரியப்பா சொன்னதோட நிக்கேல்லை. பேனையை எடுத்துத் தானே வெட்டிப்போட்டார்.

சிவானிக்கு விசர் பிடிச்சுது. முதல்நாள்தான் அப்பா போனவர். மரண அறிவித்தலை எழுதி, பிரிண்ட் எடுத்து வைச்சது அவள். ஆனா ரொறன்ரோவில, இந்த ஸ்காபரோப் பக்கம் ஆர் செத்தாலும் அறிவித்தலைத் திருத்திறது பெரியப்பாதான். உறவுமுறை ஒண்டு பிழைச்சாலும் சனம் செத்தவீட்டிலயே சண்டைக்கு வரும் எண்டுவார்.

அவர் வெட்டினது கடைசி வரியை. 'தொடர்புகளுக்கு: றூபன் – குடும்ப நண்பர்.'

அந்த ஒரு வரிக்காக அம்மாவோட ரெண்டு மணித்தியாலம் வாய்ச்சண்டை பிடிச்சவள் சிவானி.

"ஏன் வெட்டினனீங்கள்?"

"உது பிழை. உப்பிடிப் போடேலாது."

"எது பிழை? கிழமைக்கு மூண்டு தரம் பிக்கரிங்கில இருந்து வந்து அப்பாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோனது ஆர்? நீங்களோ? விட்பியில இருக்கிற உங்கட மகனோ?"

"வாயைக் குறை பிள்ளை" எண்டு அம்மா அழுதா.

குசினியில தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட றூபன் பைப்பைப் பூட்டினான்.

அண்ணன் மிதுனனும் றூபனும் சிற்றி ஹோலில கலியாணக் கையெழுத்து வைச்சு மூண்டு வருசம். சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஆனா அவையின்ர வாயில றூபன் இன்னும் மிதுனன்ர 'ரூம்மேற்'தான்.

"சனம் கதைக்கும் எண்டு பயம், என்ன?"

"கதைக்கும்தான். லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணம் எல்லாம் பாக்கப்போகுது."

"அப்ப நீங்களும் அந்தச் சனத்தில ஒராள்தானே! கோயில் சபைக்குத் தலைவர், பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். வீட்டுக்குள்ள நிக்கிற ஒருத்தனை மனுசனாப் பாக்கத் தெரியேல்லை!"

மிதுனன் அவளின்ர கையைப் பிடிச்சான். "விடடி. இண்டைக்கு வேண்டாம்."

"பரவாயில்லை சிவானி" எண்டான் றூபன், குசினி வாசல்ல நிண்டு. "பேர் வராட்டி என்ன, நான் எங்கயும் போகேல்லையே."

அதைக் கேக்க அவளுக்கு இன்னும் எரிஞ்சுது.

பெரியப்பா தாளை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். "நான் திருத்தி அனுப்புறன்" எண்டு சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டார்.

பின்னேரம் அறிவித்தல் இணையத்தில வந்துது. சிவானி லப்டொப்பில நேரா கடைசி வரிக்குப் போனாள். 'தொடர்புகளுக்கு: மிதுனன் – மகன், சிவானி – மகள்.' அவ்வளவுதான்.

உடன போன் அடிச்சாள்.

"சந்தோசமோ பெரியப்பா? மானம் தப்பீட்டுது, என்ன?"

"நீ ஏன் கீழ பாக்கிறாய்? போனை ஸ்பீக்கரில போட்டிட்டு மேல இருந்து வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பல்லைக் கடிச்சுக்கொண்டு வாசிச்சாள்.

"ரொறன்ரோவை வதிவிடமாகக் கொண்ட இராஜரட்ணம் அவர்கள்... ஜெயமலரின் அன்புக் கணவரும், மிதுனன், சிவானி ஆகியோரின் பாசமிகு தந்தையும், றூபனின்..."

லப்டொப்பை அண்ணன் பக்கம் திருப்பினாள். மிதுனன் எட்டிப் பாத்து மிச்சத்தை வாசிச்சான்.

"...றூபனின் அன்பு மாமனாரும்..."

றூபன் அப்பிடியே கதிரையில இருந்திட்டான். அம்மா எழும்பிப் போய் அவன்ர தலையைத் தடவினா.

"ஆரும் கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ, நான் பாக்கிறன்" எண்டார் பெரியப்பா போனுக்குள்ளால. "ஆனா பிள்ளை, எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. இவ்வளவு சண்டை பிடிக்கிற நீ, வீட்டு மருமகனைக் குடும்ப நண்பர் எண்டு எப்பிடி எழுதினனீ?"