நகல் மதகு

“எதை வேணா அமுக்குங்க பெரியவரே. இது குளோன், வெறும் நகல். ஒண்ணும் ஆகாது.”

கம்ப்யூட்டர்க்காரி காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே அணை நிறையத் தண்ணீர். மூடிய ஷட்டருக்கு அந்தப் பக்கம், காய்ந்த வாய்க்காலுக்குள் எட்டுப் பேர் பழைய கான்கிரீட்டைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். உளிச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

அதில் ஒருத்தன் என் மருமகன். இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. பெண் கேட்டு வந்தபோது அவன் சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேனாம். அந்தக் கோபம்.

அதற்காக அவன் தலையில் தண்ணீரைத் திறந்துவிட முடியுமா?

முதலில் சக்கரம் சுற்றினேன், பிறகு பொத்தான் அமுக்கினேன். இருபத்தாறு வருஷம். இப்போது எல்லாம் திரையிலாம். இன்றைக்குள் எல்லா ஆபரேட்டரும் பழகிவிட வேண்டும் என்று உத்தரவு. முதல் ஆள் நான்.

ஷட்டரை ஓட்டுவது பெட்டியாக வைத்த கம்ப்யூட்டர் இல்லையாம். பெரிய கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொன்று. வெர்ச்சுவல் மெஷின் என்றாள். கைக்குச் சிக்காத மெஷின். அதை என் கண் முன்னாலேயே இன்னொன்றாக நகல் எடுத்தாள். நாலு நிமிஷம்.

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம். இரண்டிலும் அதே ஷட்டர் படம், அதே நீர்மட்டம். மூலையில் அதே பேர், அதே முகவரி எண்.

“ஏம்மா, பேரும் ஒண்ணு, விலாசமும் ஒண்ணு. தபால்காரன் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்?”

சிரித்தாள். “தபால்காரனை நான் பாத்துக்கறேன். நீங்க அமுக்குங்க.”

“அவனுங்க மேலே ஏறட்டும். அமுக்கறேன்.”

“அவங்க ஏற சாயங்காலம் ஆகும். எனக்கு நாலு மணிக்கு பஸ். தள்ளுங்க, நானே அமுக்கிக் காட்டறேன்.”

அவள் கை மவுஸ் மேல் போனது.

“இரும்மா. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன். வந்து நானே அமுக்கறேன். அதுவரைக்கும் கையை வைக்காதே.”

“பயத்துலயே வந்துடுச்சா?”

படி இறங்கினேன். திரும்ப ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

என் விரல்களைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள். “கை கழுவலையா? கறுப்பா இருக்கு. அந்தக் கையோடயா மவுஸைத் தொடுவீங்க?”

அம்புக்குறியை நகல் கட்டத்துக்குள் கொண்டுபோனேன். ‘திற’ என்பதை அமுக்கினேன்.

முதுகுக்குப் பின்னால், சுவரில் இருந்த இரும்புப் பேனல் ‘டக்’ என்றது. நிஜப் பேனல். சிவப்பு விளக்கு எரிந்தது. ஷட்டர் மோட்டாருக்கு உத்தரவு போய்விட்டது என்று அர்த்தம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயோ, குளோனோட நெட்வொர்க்கை நான் துண்டிக்கவே இல்லையே!”

ஜன்னலுக்கு ஓடினாள். கத்த வாயைத் திறந்தாள்.

கீழே உளிச் சத்தம் நிற்கவில்லை. ஷட்டர் ஒரு விரற்கடை கூட அசையவில்லை.

‘நிறுத்து’ என்பதை அமுக்கினேன். விளக்கு அணைந்தது.

சட்டைப் பையில் கையை விட்டு, மோட்டார் லைனின் மூன்று ஃபியூஸையும் எடுத்து மவுஸுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். மாடிப்படிக்கு அடியில், ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டிய பெட்டியில் இருந்தவை. எத்தனை வருஷத்துத் தூசியோ.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கை கழுவப் போனேன்.