காரை விட்டு இறங்கியவர்

மார்ச் மூன்றாம் தேதி, ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் சோதனை நடந்தது. புது விளையாட்டில் எது பிரமாதம், சண்டையா, கார் ஓட்டுவதா? இரண்டையும் தனித்தனிக் குழு உருவாக்கியிருந்தது; தோற்கும் குழு கலைக்கப்படும். ஆடிப் பார்க்க, வெளியாள் ஒருவரை மேலாளர் கூட்டி வந்திருந்தார்.

அவர் காரில் ஏறினார்; ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்டார். பிறகு நகரம் முழுக்க நடந்தே போய், எதிர்ப்பட்ட ரவுடிகளைப் புரட்டி எடுத்தார்.

"பாத்தியா தங்கச்சி?" என்று சிரித்தார் சண்டைக் குழுத் தலைவர்.

கார் குழுத் தலைவிக்கு முகம் தொங்கிப்போனது. ஆடியவரிடம் திரும்பிக் கேட்டார், "ஏண்ணே, கார் நல்லா இல்லையா?"

"சூப்பர்மா! டிராஃபிக், ஹாரன், சிக்னல் எல்லாம் அச்சு அசல்."

"அப்புறம் ஏன் இறங்கிட்டீங்க?"

"வாரம் பூரா டாக்ஸி ஓட்டுறேன். இன்னிக்கு ஒரு நாள்தாம்மா லீவு."

கார் குழு கலைக்கப்படவில்லை. விளையாட்டு வெளியானபோது ஒவ்வொரு காரிலும் ஒரு டிரைவர் இருந்தார். ஆடுபவர் பின்சீட்டில் உட்கார்ந்தால் போதும்.