முப்பத்திரண்டாம் பக்கம்

நானும் அண்ணனும் தகரம் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், பரணில் கிடந்த பழைய படக்கதைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. இரும்பு ரோபோக்களும் செம்பு ரோபோக்களும் ஒன்றையொன்று பிய்த்துப் போடும் கதை. சின்ன வயதில் நான் இரும்புக் கட்சி, அண்ணன் செம்புக் கட்சி. செம்பு ரோபோவின் கையோ தலையோ போகும்போதெல்லாம் அந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் தீட்டி வைப்பேன். இருபதாம் பக்கம் தீட்டும்போது அண்ணன் என்னை அடித்துப் பென்சிலை உடைத்துவிட்டான். நான் அவன் தோளைக் கடித்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அதோடு நான் தீட்டுவதை விட்டுவிட்டேன்.

இருபத்தொன்றாம் பக்கத்திலும் சிவப்பு இருந்தது. அதற்கடுத்த பக்கங்களிலும் இருந்தது.

"வேற பென்சில் வாங்கிட்டியா?" என்றான் அண்ணன். பிறகு உற்றுப் பார்த்தான். "இது நீ தீட்டினது இல்லடா. கோட்டுக்குள்ள தீட்ட உனக்கு எப்ப வந்துச்சு?"

கடைசிப் பக்கமான முப்பத்திரண்டில் மட்டும் சிவப்பு இல்லை. அதில் இடது கை துண்டாகி, ஒரு செம்பு ரோபோ மண்டியிட்டிருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே போய் மெஷினைப் போட்டு, தகரத்தை இடது கையால் உள்ளே தள்ளினான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோபோவின் மணிக்கட்டில் சிவப்பு ஊறியது.

"அண்ணா, கையை எடு" என்று கத்தினேன்.

"என்னடா?" என்று என் பக்கம் திரும்பினான். திரும்பிய வேகத்தில், கத்தியை இறக்கும் மிதிகட்டையில் இருந்த அவன் கால் அழுந்தியது. கத்தி இறங்கியது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கீழே விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தேன். சிவப்பு ஒரு துளிகூடக் கோட்டைத் தாண்டவில்லை.